வரவேண்டிய பணம் வராதபோது: தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நல்ல காலத்தில் யாரும் என்னைத் தேடுவதில்லை. ஃபண்ட் நின்ற பிறகு, அல்லது நிற்கப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்த பிறகுதான் போன் அடிக்கும். தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தொடங்கி, சில வருடம் ஒரு சின்ன நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவன் நான். என்னிடம் வரும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். ஆனால் அனேகமாக எல்லாமே மூன்று மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டியவை.

‘பணிகளை நிறுத்தி வைக்கவும்’ என்று நிதி தரும் ஃபண்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. முதல் நாள் என்ன செய்வது?

கடிதத்தை ஒருமுறை படித்தால் போதும். ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு முறை படியுங்கள். நிறுத்தம், ரத்து என்று அதில் ஒரு பகுதி இருக்கும். கடிதத் தேதி வரை ஆன செலவைத் தருவார்களா, ஊழியர்களின் நோட்டீஸ் காலச் சம்பளத்தை ஏற்றுக்கொள்வார்களா, முன்பணமாக வாங்கியதில் மிச்சத்தைத் திருப்ப வேண்டுமா, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அன்றைய தேதியில் கணக்கை ஒரு கோடு போட்டு நிறுத்துங்கள். அதுவரை ஆன செலவுக்கு பில், வவுச்சர் எல்லாம் சேர்த்து க்ளெய்மை அனுப்பிவிடுங்கள். முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்குகிற வகை நிதி என்றால் இதை நாளைக்குத் தள்ளக்கூடாது. அன்று மாலைக்குள் போர்டின் (நிர்வாகக் குழுவின்) தலைவருக்கு ஒரு போன்.

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும்: நிறுத்தச் சொன்ன வேலையை நம் கைக்காசில் தொடர்வதா? 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். சில நாட்களில் பல நாடுகளில் யூஎஸ்எய்ட் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பின் நிதியில் நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. மார்ச்சில் அந்த அமைப்பின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1 முதல் மிச்சமிருந்ததும் வெளியுறவுத் துறையின் கைக்குப் போய்விட்டது. 90 நாள்தானே, சமாளித்துவிடலாம் என்று சேமிப்பைக் கரைத்தவருக்கு 91-வது நாள் கையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடிதத்தில் ‘தற்காலிகமாக’ என்று இருந்தால் ‘நிரந்தரமாக’ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். திரும்பி வந்தால் சந்தோஷம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நடுவில் நிறுத்தினால் ஆளுக்கே ஆபத்து என்கிற வேலை: பாதி மருந்துக் கோர்ஸில் இருக்கும் நோயாளி, காப்பகத்தில் இருக்கும் குழந்தை. அவர்களை வேறொரு பாதுகாப்பான கையில் ஒப்படைக்கும்வரை ஆகும் செலவை மட்டும் நாமே ஏற்க வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி போர்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்க வேண்டும்.

வங்கியில் நல்ல தொகை இருக்கிறது. இப்போதே பதற வேண்டுமா?

அந்தத் தொகையில் எவ்வளவு உங்களுடையது என்பதைப் பொறுத்தது. கணக்கில் 80 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 46 லட்சம் பள்ளித் திட்டத்துக்காக ஒரு ஃபண்டர் முன்கூட்டியே தந்தது. 12 லட்சம் கட்டடத்துக்கென்று வசூலித்தது. 9 லட்சம் ஊழியர்களின் பணிக்கொடைக்கு எடுத்து வைத்தது. மிச்சம் 13 லட்சம். எந்த ஃபண்டரும் ஏற்காத செலவு, அதாவது வாடகை, கணக்காளர் சம்பளம், மின்சாரம், உங்கள் சம்பளத்தில் பாதி, எல்லாம் சேர்ந்து மாதம் 4 லட்சம் என்றால் உங்களுக்கு 14 வாரம் இருக்கிறது. 80 லட்சம் வைத்திருக்கும் நிறுவனத்தின் உண்மையான ஆயுள் அவ்வளவுதான்.

திட்டப் பணத்தை ‘கடனாக’ எடுத்து இந்த மாதச் சம்பளம் போட்டுவிடலாம், அடுத்த தவணை வந்ததும் ஈடுகட்டலாம் என்ற யோசனை இங்கேதான் தலைகாட்டும். செய்யாதீர்கள். குறிப்பிட்ட வேலைக்கென்று ஒருவர் நம்பித் தந்த பணம் அது. பல நாடுகளில் அதை வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படியே தவறு. நிறுவனம் நொடித்தால்கூட நல்ல பெயரோடு நொடிக்கலாம். இதைச் செய்தால் அதுவும் மிஞ்சாது.

இப்படிக் கையிருப்பை வாரக் கணக்கில் எண்ணுகிறீர்களே, பட்ஜெட்டே இருக்கும்போது இந்த ரொக்கக் கணக்கு வேறு எதற்கு?

பட்ஜெட் ஒரு வருடத்தைப் பார்க்கிறது. சம்பளமோ மாதக் கடைசியில் போட்டாக வேண்டும். வருடக் கணக்கில் உபரி காட்டிக்கொண்டே ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை வங்கியில் காசில்லாமல் நிற்க முடியும்.

ஒரு எக்ஸெல் தாள் போதும். மேலே பதின்மூன்று வாரங்களின் தேதிகள். முதல் வரியில் வாரத் தொடக்கத்தில் கையில் உள்ள சொந்தப் பணம், மேலே சொன்ன அந்த 13 லட்சம். அதன் கீழே வரவுகள், அப்புறம் செலவுகள், கடைசி வரியில் வார முடிவு இருப்பு. வரவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் தவணைகளை மட்டும் எழுதுங்கள். ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’, ‘பாசிட்டிவாகத்தான் இருக்கிறார்கள்’ வகையறாக்களுக்குத் தனித் தாள் போட்டுக்கொள்ளுங்கள். நம்பிக்கை இருக்க வேண்டியதுதான், வரவுப் பத்தியில் மட்டும் வேண்டாம்.

போட்டு முடித்ததும் ஒரு சோதனை. எல்லா வரவையும் மூன்று வாரம் தள்ளி எழுதிப் பாருங்கள். அனேகமாக ஆறாவது, ஏழாவது வாரத்தில் கடைசி வரி சிவப்பாகும். ஏனென்று பார்த்தால் காரணம் அற்பமாக இருக்கும்: ஆடிட்டர் கட்டணமும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் ஒரே வாரத்தில் விழுகின்றன, இரண்டாம் தவணையோ நாம் அனுப்பாத ஓர் அரையாண்டு அறிக்கைக்காகக் காத்திருக்கிறது. இன்றைக்கே தெரிந்தால் அறிக்கையை எழுதி அனுப்பலாம், பிரீமியத்தைத் தவணையாக்கக் கேட்கலாம். ஏழாவது வாரத்தில் தெரிந்தால் வட்டிக்கு வாங்க வேண்டும்.

ஒவ்வொரு திங்களும் இதைப் புதுப்பிக்க அரை மணி நேரம் ஆகும். கணக்காளரிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். இயக்குநர் தன் கையால் ஒருமுறையாவது போட்டிருந்தால்தான் எண்கள் மனதில் உட்காரும்.

காப்பு நிதி எவ்வளவு வேண்டும்?

வழக்கமாகச் சொல்வது மூன்று முதல் ஆறு மாதச் செலவு. ஒரே ஃபண்டரை நம்பியிருப்பவர்களுக்கு ஆறும் போதாது. நூறு சிறு நன்கொடையாளர்கள் மாதாமாதம் தருகிறார்கள் என்றால் மூன்றே தாராளம்.

லண்டனில் 1996-ல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் நல அமைப்பின் கதை பலருக்கும் தெரியும். அரசியல் தலைவர்களின் ஆதரவும் பிரபலங்களின் நன்கொடையும் அதற்கு ஏராளம். 2015 ஆகஸ்ட் 5 அன்று மூடியது. சில நாட்கள் முன்னால்தான் அரசு 30 லட்சம் பவுண்டு தந்திருந்தது. வரவு கூடக் கூட வேலையையும் கூட்டிக்கொண்டே போனார்கள், காப்பு நிதி சேரவில்லை என்று பிறகு நாடாளுமன்றக் குழு குறை சொன்னது. அதே நேரம், அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். கெட்ட எண்ணமோ மோசடியோ இல்லாமலேயே ஒரு நிறுவனம் இப்படிச் சாயலாம். எனக்கு அதில் பயமுறுத்துகிற விஷயம் அதுதான்.

‘பசித்த வயிறுகள் வெளியே நிற்கும்போது நாம் பணத்தைப் பூட்டி வைப்பதா?’ என்று போர்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நாளைக்கும் அதே வயிறுகள் அங்கேதான் நிற்கும் என்று பதில் சொல்லுங்கள்.

எதைக் குறைப்பது? எல்லாத் திட்டத்திலும் பத்து சதவீதம் வெட்டினால் நியாயமாக இருக்குமே?

நியாயமாகத் தெரியும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அதனால்தான் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. ஆனால் ஐந்து திட்டமும் ஐந்து விதமாக நொண்ட ஆரம்பிக்கும். செவிலியர் இருப்பார், வண்டிக்கு டீசல் இருக்காது. ஆசிரியர் இருப்பார், புத்தகம் இருக்காது.

ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை நாம் நிறுத்தினால் இந்த மக்களுக்கு இதே உதவியை வேறு யாராவது செய்வார்களா? இந்தத் திட்டம் தன் முழுச் செலவை, அதாவது தன் பங்கு வாடகை, கணக்கு, மேற்பார்வை எல்லாம் சேர்த்து, தானே கொண்டுவருகிறதா? வேறு யாரும் செய்யாத, தன் செலவைத் தானே கொண்டுவரும் திட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். வேறு பலரும் செய்யும், நம் கைக்காசையும் தின்னும் திட்டத்தை வைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பழக்கத்தாலோ, அதைத் தொடங்கியவர் இன்னும் போர்டில் இருப்பதாலோதான். நடுவில் இருப்பவற்றைப் பற்றித்தான் உண்மையான விவாதம்.

2023-ல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பெரிய பற்றாக்குறை வந்தது. அவர்கள் சுமார் 1,800 பணியிடங்களைக் குறைப்பதாகவும், உலகெங்கும் இருந்த 350 இடங்களில் 26-ஐ மூடுவதாகவும் அறிவித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிக்கிறேன்.

ஃபண்டர் தரும் தொகை திட்டச் செலவுக்கே பற்றவில்லை. இருந்தாலும் வேலை நல்ல வேலை. ஒத்துக்கொள்ளலாமா?

ஒருமுறை, தெரிந்து, எவ்வளவு நஷ்டம் என்று எழுதி வைத்துக்கொண்டு செய்யலாம். பத்து ஒப்பந்தங்களில் செய்தால் முடிந்தது. நியூயார்க்கில் 1934-ல் தொடங்கி ஆண்டுக்கு லட்சம் பேருக்கு மேல் சேவை செய்துவந்த எஃப்ஈஜிஎஸ் என்ற பெரிய நிறுவனம், சுமார் 2 கோடி டாலர் பள்ளம் இருப்பது வெளியே தெரிந்த சில மாதங்களில், 2015-ல் திவாலானது. வேலை நிறைய இருந்தது. அரசு ஒப்பந்தங்கள் பலவும் ஆகும் செலவைவிடக் குறைவாகத் தந்துகொண்டிருந்தன.

‘நிர்வாகச் செலவு குறைவாகக் காட்டினால்தான் ஃபண்ட் கிடைக்கும்’ என்ற பயத்தில் நாமேதான் இந்தப் பழக்கத்தை வளர்த்தோம். ஒருவர் குறைத்துக் காட்ட, அடுத்தவர் அதைவிடக் குறைத்துக் காட்ட, கடைசியில் கணக்காளர் இல்லாத நிறுவனம்தான் சிக்கனமான நிறுவனம் என்றாகிவிட்டது.

நிலைமையை ஃபண்டரிடம் திறந்து சொன்னால், மூழ்குகிற கப்பல் என்று கை கழுவிவிட மாட்டார்களா?

சிலர் கழுவுவார்கள். அவர்கள் எப்படியும் போகப்போகிறவர்கள். பெரும்பாலான ஃபண்டர்களுக்குக் கெட்ட செய்தியைவிடக் கெட்டதாகப் படுவது, அதை வேறொருவர் வாயால் கேட்பது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பதின்மூன்று வாரத் தாள், நாம் ஏற்கெனவே குறைத்துவிட்டவை, அவர்களிடம் கேட்பது: இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கேட்பது புதுப் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே தந்த திட்ட நிதியைப் பொதுச் செலவுக்கும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி, அடுத்த தவணையை முன்கூட்டியே தருவது, அறிக்கைக்குக் கூடுதல் அவகாசம். இவை அவர்களுக்கு அதிகம் செலவில்லாதவை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் நிபந்தனைகளைத் தளர்த்துவதாக ஒரே உறுதிமொழியில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூனில் ஃபோர்டு அறக்கட்டளை, கூடுதலாக நிதி தருவதற்காக 100 கோடி டாலருக்குக் கடன் பத்திரமே வெளியிட்டது. கொடுப்பவர்களாலும் வளைய முடியும். கேட்டால்தான் வளைவார்கள்.

ஊழியர்களிடம் எப்போது சொல்வது? முன்னாடியே சொன்னால் நல்லவர்கள் எல்லாம் வேறு வேலை தேடிப் போய்விடுவார்களே?

இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நான் இயக்குநராக இருந்தபோது எங்கள் பெரிய ஃபண்டரோடு இருந்த ஒப்பந்தத்தின் புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போனது. வராது என்று இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை. ‘உறுதியாகட்டும், எதற்கு வீணாகக் கலவரப்படுத்துவது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒரு நாள் சாயங்காலம் வண்டி ஓட்டுகிறவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “சார், அடுத்த மாசம் பொண்ணுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும். கையில இருக்கறதக் கட்டட்டுமா, வச்சுக்கட்டுமா? அத மட்டும் சொல்லுங்க சார்” என்றார். யாரை எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறேன் என்ற பட்டியல் அப்போது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவர் பெயரும் அதில் இருந்தது. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பினேன்.

ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயத்தில் பாதி உண்மைதான். சிலர் போவார்கள். ஆனால் அந்த ஏழு வாரத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்தத் தேதியில் தெரியவரும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘மே 15 வரைக்கும் எல்லோருக்கும் சம்பளம் இருக்கிறது. அதற்கு மேல் இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. ஏப்ரல் 10 அன்று மறுபடி கூடிப் பேசுவோம்.’ இவ்வளவுதான். ஏப்ரல் 10 அன்று புதுச் செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும் கூட்டம் நடக்க வேண்டும்.

வேலை நீக்கம் தவிர்க்க முடியாது என்றால் ஒரே தடவையில் செய்து முடியுங்கள். மாதம் இரண்டு பேராக அனுப்பினால், மிச்சமிருப்பவர்கள் வேலை செய்யமாட்டார்கள், அடுத்து யார் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். இயக்குநரின் சம்பளக் குறைப்பு மற்றவர்களுடையதற்கு முன்பாக அறிவிக்கப்பட வேண்டும். சேமிப்பாக அது பெரிதாக ஒன்றும் வராது, இருந்தாலும்.

எதிர்காலமே தெரியாதபோது எப்படித் திட்டமிடுவது?

மூன்று கதை எழுதுங்கள்: இப்படியே போனால், மூன்றில் ஒரு பங்கு நின்றால், பாதிக்கு மேல் நின்றால். பெரிய நிறுவனங்களில் இது பழைய வழக்கம். ஷெல் எண்ணெய் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் இப்படிப் பல எதிர்காலங்களை எழுதிப் பார்த்திருந்ததால் 1973 எண்ணெய் நெருக்கடி அதற்கு முற்றிலும் புதிதாக இருக்கவில்லை.

கதையோடு நிறுத்தினால் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண்டுகோல் வேண்டும். ‘செப்டம்பர் 30-க்குள் புதுப்பிப்புக் கடிதம் வராவிட்டால் இரண்டாவது அலுவலகத்தைக் காலி செய்கிறோம்’ என்று போர்டு இன்றைக்கே தீர்மானம் போட்டு வைக்கட்டும். நெருக்கடியின் நடுவில் உட்கார்ந்து யோசித்தால், ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போமே’ என்றுதான் மனசு சொல்லும்.

நமக்குப் பழக்கமில்லாத துறையில் ஃபண்ட் கிடைக்கிறது. உயிர் பிழைக்க எடுத்துக்கொள்ளலாமா?

ஊழியர்களில் பாதிப்பேரைப் புதிதாக எடுத்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்றால், அந்தப் பணம் உங்களைக் காப்பாற்ற வரவில்லை. உங்கள் பெயர்ப்பலகையை வாடகைக்கு எடுக்க வந்திருக்கிறது.

அதற்காகத் திசை மாறவே கூடாது என்று சொல்லவில்லை. மார்ச் ஆஃப் டைம்ஸ் என்று அறியப்படும் அமெரிக்க அமைப்பு 1938-ல் போலியோவை எதிர்க்கத் தொடங்கியது. சால்க் தடுப்பூசி ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே அதுதான். 1955-ல் தடுப்பூசி வந்துவிட்டது. நோக்கம் நிறைவேறினால் அமைப்புக்கு வேலையில்லை. 1958-ல் அவர்கள் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பினார்கள். தங்களிடம் இருந்த தன்னார்வலர் கூட்டத்தையும் ஆய்வுக்கு நிதி தரும் பழக்கத்தையும் எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்துத் திரும்பினார்கள்.

இந்த நேரத்தில் போர்டு என்ன செய்ய வேண்டும்?

மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும், அந்தப் பதின்மூன்று வாரத் தாளைப் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். தினசரி வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது. இக்கட்டில் நிறைய போர்டுகள் இதை நேர்மாறாகச் செய்கின்றன: பெரிய முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டு டீ செலவைக் கேள்வி கேட்கின்றன.

வேறொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டால்?

கையில் ஆறு மாதப் பணம் இருக்கும்போது பேசினால் அது இணைப்பு. ஆறு வாரப் பணம் இருக்கும்போது பேசினால் அது சரணாகதி. இணைவதற்கே வக்கீல் கட்டணம், ஆடிட், புது மென்பொருள் என்று செலவு உண்டு. அதையும் தாளில் எழுதுங்கள்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி மூடுவது?

பணம் இருக்கும்போதே. மூடுவதற்கும் பணம் வேண்டும் என்பது நிறையப் பேருக்குக் கடைசியில்தான் உறைக்கிறது. ஊழியர்களின் நோட்டீஸ் சம்பளம், பணிக்கொடை, வாடகை ஒப்பந்தத்தை முறிக்கும் தொகை, இறுதி ஆடிட், சட்டம் சொல்லும் ஆண்டுகள்வரை கோப்புகளைப் பாதுகாக்கும் செலவு. இதைக் கூட்டி ஒரு எண் வையுங்கள். உங்கள் சொந்தப் பணம் அந்த எண்ணைத் தொடும் நாள்தான் மூடும் முடிவை எடுக்க வேண்டிய கடைசி நாள். வங்கி இருப்பு சைபர் ஆகும் நாள் அல்ல.

சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் தொடங்கிய ஹல் ஹவுஸ், நூற்றாண்டைத் தாண்டி நடந்த சமூக சேவை அமைப்பு. வரவில் பெரும்பகுதி அரசு நிதி. 2012 ஜனவரியில், வசந்தம் வரை நடத்துவதாகச் சொல்லியிருந்த நிலையில், சில நாட்களிலேயே கதவை மூடிவிட்டது. ஊழியர்களுக்கும் அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அவகாசமே இல்லை. அதன் பழைய கட்டடம் இன்று அருங்காட்சியகம்.

பயனாளிகளை ஒப்படைப்பதைப் பட்டியல் ஒப்படைப்பாக நினைக்காதீர்கள். ஒவ்வொருவரையும் நம் ஊழியர் ஒருவர் கூடவே போய், புதிய இடத்தில் அறிமுகப்படுத்திவிட்டு வர வேண்டும். இருநூறு பேர் என்றால் இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதச் சம்பளமும் மேலே சொன்ன எண்ணில் சேர்த்தி.

எனக்கே முடியவில்லை. விலகிவிடலாம் என்று தோன்றுகிறது. இந்த நேரத்தில் விலகினால் துரோகமா?

இல்லை. சொல்லாமல் தள்ளாடிக்கொண்டு இருப்பதைவிட மேல். போர்டு தலைவரிடம் முதலில் சொல்லுங்கள், ஒரு தேதி வையுங்கள், மூன்று மாதம் கிடைத்தால் நல்லது. முதல் வேலையாக வங்கியில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை இன்னொருவர் பெயருக்கும் கொடுங்கள். அந்தப் படிவம் நகர எப்படியும் சில வாரம் ஆகும். ஒவ்வொரு ஃபண்டரிடமும் அடுத்து வருபவரை நேரில் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். அறிக்கை அனுப்பும் தேதிகள், வாய்மொழியாக மட்டும் கொடுத்த வாக்குகள், இணையதளத்தின் பாஸ்வேர்டு, இவையெல்லாம் உங்கள் தலைக்குள்தான் இருக்கின்றன. ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். நான் விலகும்போது எழுதிக் கொடுத்த நோட்டு நாற்பது பக்கம் வந்தது. அப்படியும் ஜெனரேட்டர் அறைச் சாவி எங்கே என்று கேட்டு மூன்றாம் நாள் போன் வந்தது.